அடக்கத்தின் இயல்பு: யவனர் அறநூலும் திருநீலகண்ட நாயனார் வரலாறும்

யவன நாட்டு அறநூலார் அறங்கள் எல்லாவற்றுக்கும் தலையாயின நான்கென வகுத்தனர். அறிவுடைமை, ஆண்மை, அடக்கம், நீதி என்பன அவை. பிளேட்டோ தமது ‘குடியரசு’ என்னும் நூலின் நான்காம் பகுதியில் இந்நான்கனையும் நாட்டிற்கும் உயிர்க்கும் ஒப்ப வைத்து விரித்துரைத்தார். அவர் மாணாக்கராகிய அரிஸ்டாட்டில் (கி.மு. 384–322) தமது ஒழுக்க நூலில் அவற்றை மேலும் பகுத்தாராய்ந்தார். பின்வந்த கிறித்தவ சமய ஆசிரியர்களும் இவற்றையே தம் அறநூல்களுக்கு அடிப்படையாகக் கொண்டனர். நான்கனுள் ஏனை மூன்றும் பெரும்பாலும் பொருள் திரியாது வழங்கிவர, அடக்கம் ஒன்றே பொருள் திரிந்து குறுகிற்று.

யவனர் இவ்வறத்தை ‘ஸோப்ரோஸுனே’ என்றனர். நலங்கெடாத உள்ளமுடைமை என்பது அதன் சொற்பொருள். உரோமர் அதனைத் தம் மொழியிற் பெயர்க்குங்கால், அளவறிந்து கலத்தல் என்னும் பொருளுடைய வினையடியாகப் பிறந்ததொரு சொல்லை ஆண்டனர். அந்நாட்டார் மதுவைத் தனியே பருகுதலை நாகரிகமின்மை எனக் கருதி நீரொடு கலந்து பருகுவர். அக்கலப்பினையும் அவ்வினைச்சொல் குறிக்கும். அச்சொல்லே ஆங்கிலத்தில் ‘டெம்பரன்ஸ்’ என்றாயிற்று. 1826-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரில் இப்பெயராற் சங்கமொன்று தோன்றிற்று. 1832-இல் இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரில் ஜோசப் லிவ்சியும் அவர் தோழர் அறுவரும் மது வகை யாவற்றையும் முற்ற ஒழிப்பதாக உறுதிமொழியிற் கையொப்பமிட்டனர். அவ்வியக்கம் வளர வளர, அளவறிந்து கலத்தலைக் குறித்த சொல், கலத்தற்கே இடமில்லாத விலக்கினைக் குறிப்பதாய் முடிந்தது. சொற்களின் ஊழ்வினை இவ்வாறும் இருக்கும் போலும்.

மதுவிலக்கு நன்றே, அதனை இகழ்வாரில்லை. ஆயினும் திருவள்ளுவ நாயனார் அடக்கமுடைமையை அறத்துப்பாலில் 13-ஆம் அதிகாரமாகவும், கள்ளுண்ணாமையைப் பொருட்பாலில் 93-ஆம் அதிகாரமாகவும் வேறுவேறிடத்து வைத்தமை ஈண்டு நினைக்கத்தக்கது. ஒன்று உள்ளத்தின் நிலை. மற்றொன்று தீயதொரு பொருளைக் கைவிடுதல். கள்ளை அறியாதார் பலர் சொல்லடக்கமும் சினவடக்கமும் இன்றி இல்லத்தாரை வருத்துதல் உலகிற் காணப்படுவதே. ஆதலால் அடக்கம் யாதென்பதனை அதன் மூலத்திற் சென்று காண்டல் வேண்டும்.

பிளேட்டோ இவ்வறத்திற்கென்றே ‘கார்மிடீஸ்’ என்னும் உரையாடலை இயற்றினார். போதிடேயாப் போர்க்களத்தினின்று மீண்ட சாக்ரட்டீஸ், அழகும் குடிப்பிறப்பும் உடைய கார்மிடீஸ் என்னும் இளைஞனை நோக்கி, அடக்கமாவது யாதென வினவுகின்றார். எதனையும் அமைதியாகவும் மெல்லவும் செய்தல் என்பது இளைஞன் கூறிய முதல் விடை. எழுதுதலிலும் படித்தலிலும் மற்போரிலும் விரைவன்றோ சிறப்பு என்று சாக்ரட்டீஸ் அதனை மறுத்தார். நாணுடைமையே அடக்கம் என்பது இரண்டாம் விடை. வறுமையுற்று இரப்பானுக்கு நாண் நன்மை தருவதன்று என ஹோமர் வாக்கைக் காட்டி அதனையும் மறுத்தார். தன் தொழிலைத் தான் செய்தல் என்பது மூன்றாவது. அதுவும் நிலைபெறவில்லை. பின் அவ்விளைஞனின் உறவினராகிய கிரித்தியாஸ், தன்னைத் தான் அறிதலே அடக்கமென்று வாதிட்டார். அதுவும் முடிவுறாமல் நூல் முற்றுப்பெறுகின்றது. அடக்கத்தின் இலக்கணம் கூற முற்பட்ட இவ்விருவரும், கி.மு. 404-இல் ஏதென்ஸை அடக்கியாண்ட கொடுங்கோலர் முப்பதின்மர் ஆட்சியில் பங்குகொண்டு மறுவாண்டு போரில் மாண்டனர். பிளேட்டோ இதனை நூலிற் கூறாமலே விட்டார். அக்காலத்து அதனைப் படித்தார் யாவரும் அறிந்த செய்தியாதலின் கூறவேண்டுவதும் இல்லையாயிற்று. ஒன்றன் இலக்கணத்தைச் சொல்ல வல்லராதல் வேறு, அதனை உடையராதல் வேறு என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

அரிஸ்டாட்டில் இப்பொருளைக் கையாண்ட முறை வேறு. அவர் முதற்கண் அடக்கத்தின் எல்லையைக் குறுக்கினார். ஓவியத்தையும் இசையையும் நறுமணத்தையும் மிக விரும்புவாரை அடக்கமிலார் என உலகங் கூறுவதில்லை. ஊற்றின்பமும் சுவையின்பமுமே இவ்வறத்தின் களம். அவற்றுள்ளும் ஊறே தலைமையானது. தன் மிடறு நாரையின் மிடற்றினும் நீளவேண்டுமென வேண்டிக்கொண்ட உணவு வேட்கையன் ஒருவனை அவர் இதற்கு எடுத்துக்காட்டினார். அவன் விரும்பியது சுவையையன்று, உணவு மிடற்றின்வழி இறங்கும் ஊற்றையே என்பது கருத்து. சினத்தையும் சொல்லையும் அவர் வேறு அறங்களின்பாற் படுத்தாராதலின், தமிழர் கூறும் அடக்கம்போல மெய், மொழி, மனம் என்னும் மூன்றனையும் ஒருங்கு தழுவியதன்று அவர் கூறும் அடக்கம். இஃது அவர்க்குக் குற்றமாகாது. பகுத்துக் கூறுவார்க்குப் பகுப்பு வேண்டும்.

அவர் நூலின் ஏழாம் பகுதியிற் காணப்படும் பகுப்பே மிக நுண்ணியது. இன்பத்தின்முன் நிற்கும் மாந்தரை நால்வகையாக்கினார். தீய ஆசையே எழாதவன் ஒருவன். எழுந்த ஆசையைப் பொருது வெல்பவன் ஒருவன். நல்லதறிந்தும் ஆசைக்குத் தோற்றுப் பின் வருந்துபவன் ஒருவன். இன்பத்தைத் துய்ப்பதே தக்கதெனத் துணிந்து வருந்தாது துய்ப்பவன் ஒருவன். தமிழ் இலக்கண வழக்கால் முதலிருவரையும் அடங்கினோன், அடக்குவோன் எனக் கூறலாம். அடங்குதல் தன்வினை, அடக்குதல் பிறவினை. அடக்கம் என்னும் தொழிற்பெயர் இரண்டற்கும் பொதுவாய் நிற்றலின், தமிழில் இவ்விரண்டும் ஒன்றெனவே மயங்கப்படுகின்றன. பிறவினைக்கண் அடக்கப்படும் பொருள் ஒன்றும் அடக்கும் தலைவன் ஒருவனும் உளராதலின் அங்கே பிளவு உண்டு, தன்வினைக்கண் அப்பிளவில்லை. பிளேட்டோவும், ‘தன்னினும் தான் வலியன்’ என்னும் உலகவழக்கை நகையாடி, தன்னினும் வலியனாவான் தன்னினும் மெலியனுமாதல் வேண்டுமன்றோ என வினவினார். பின், உயிரின் பகுதிகளெல்லாம் யார் ஆளத்தக்கார் என்பதில் ஒருமைப்படுதலே அடக்கம் என்று யாழ் நரம்புகளின் இசைவை உவமை காட்டினார்.

மூன்றாமவனாகிய வழுவுவோனைப் பற்றி அரிஸ்டாட்டில் கூறியன மிகச் சுவையுடையன. நல்ல சட்டங்களை இயற்றி அவற்றுள் ஒன்றையும் நடைமுறையிற் கொள்ளாத நகரத்தை அவன் ஒப்பான். மதுவுண்டு மயங்கினோர் எம்பிடோக்ளீஸின் செய்யுட்களை ஒப்பித்தல்போல அவன் அறவுரைகளைச் சொல்வான். சொற்கள் வாயிலுள்ளன, பொருள் இன்னும் அவனோடு கூடி வளரவில்லை. அவைக்களத்தில் அடக்கமுடைமை அதிகாரத்தைப் பிழையறச் சொல்லி முடித்து, எதிர்வாதியின் ஒரு சொற்பொறாது மேலாடையை உதறி எழும் புலவர்களை இவ்வுவமை நினைப்பூட்டாமற் போகாது.

இன்னொரு கருத்தும் அவர்பாற் பெறத்தக்கது. முக்கோணத்தின் மூன்று கோணங்களும் கூடி இரண்டு செங்கோணம் ஆகும் என்னும் அறிவை இன்பமும் துன்பமும் கெடுப்பதில்லை. இது செயத்தக்கது, இது தகாதது என்னும் அறிவையே கெடுக்கும். அடக்கம் இவ்வறிவைக் காப்பாற்றுவதால் அப்பெயர் பெற்றதென்று சொற்பொருளும் காட்டினார். கணக்கிற் பிழையாத வணிகன் தன் உணவிற் பிழைத்தலும், நூற்பொருளிற் பிழையாத ஆசிரியன் தன் இல்லறத்திற் பிழைத்தலும் இதனால் விளங்கும்.

இவ்வாறு நுணுகி ஆராய்ந்த பேரறிஞரிடத்தில் ஒரு வினாவுக்கு மட்டும் விடை பெறல் அரிது. அடக்குவோன் அடங்கினோனாதல் எவ்வாறு? பழக்கத்தால் என்பதே அவர் விடை. இளமை தொட்டு எவ்வாறு பழக்கப்பட்டான் என்பதிலேயே எல்லாம் அடங்கியுள்ளது என்று அவர் வற்புறுத்தினார். அடக்கமின்மையைக் குறிக்கும் யவனச் சொல்லுக்குத் திருத்தப்படாமை என்பதே பொருள். தண்டித்துத் திருத்தப்படாத சிறுவரின் குற்றத்திற்கும் அதுவே பெயர். ஆசை சிறுவனைப் போன்றது. அறிவாகிய ஆசானின் சொற்படி அது நடக்கவேண்டும். நன்று. ஆனால் இளமையிற் பழக்குவார் இல்லாது நாற்பதாண்டு கழிந்தவன் செய்வது யாது? துணிந்து துய்ப்பவனுக்கு வருத்தமின்மையால் மருந்துமில்லை என அவர் முடிவுகட்டினார். அவன் நோய் மகோதரமும் கயமும் போல நீங்காதது, வழுவுவோன் நோய் காக்கைவலிப்புப் போல இடைவிட்டு வருவது. வழுவுவோனுக்குத் திருந்த இடமுண்டெனக் கூறினாரேயன்றி, எழும் ஆசை எழாமற்போகும் வாயில் யாதென விளக்கினாரில்லை. வாழ்நாள் முழுதும் தன்னோடு தான் பொருதுகொண்டே இருப்பவனுக்கு அந்நூலில் இரண்டாம் இடமே உண்டு. முதலிடத்திற்கு ஏறும் படி காணப்படவில்லை.

இவ்வினாவோடு சேக்கிழார் பெருமான் அருளிய திருநீலகண்ட நாயனார் புராணத்தை அணுகுவார்க்கு, அதன்கண் இதுகாறும் கருதப்படாத பொருள்கள் புலனாகும். திருத்தொண்டத்தொகை நாயனாரை அவர் தொழிலாலும் திருநீலகண்டம் என்னும் பெயராலும் மட்டும் சுட்டிற்று. நம்பியாண்டார் நம்பிகள் ஆணையும் துறவும் மூப்பும் மீண்ட இளமையும் ஆகிய செய்திகளை ஒரு செய்யுளிற் சுருக்கி வைத்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அநபாய சோழன் காலத்திருந்த சேக்கிழாரே இதனை உள்ளத்தின் வரலாறாக விரித்தவர்.

தில்லையில் வேட்கோவர் குலத்துப் பிறந்த நாயனார் சிவனடியார்க்குத் திருவோடு செய்து கொடுக்கும் தொண்டினர். இளமை மிக்கெழுந்த காலத்தில் இன்பத்தின்முன் எளியராயினார் என்பதைச் சேக்கிழார் மறைத்திலர். பரத்தையிடத்துச் சென்று மீண்டார். மனைவியார் ஊடி, மனைக்கடன்களெல்லாம் குறைவறச் செய்துகொண்டே, உடனுறைதற்கு மட்டும் இசையாராயினார். ஊடல் தீர்க்க நாயனார் அணுகியபோது, எம்மைத் தீண்டலாகாதென்று திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டார். நாயனார் அக்கணமே அகன்று, அயலார்போல நின்று நோக்கி, ‘எம்மை’ எனப் பன்மையாற் கூறினமையால் மகளிர் எவரையும் மனத்தினாலும் தீண்டேன் என்றார். அதுமுதல் இருவரும் ஒரு மனையில் வாழ்ந்து, அயலறியாவண்ணம் மூப்பெய்தினர்.

இதனைப் படித்தார் சிலர், ஆணைக்கு அஞ்சி அடங்கினார் என்பர். அஃது ஆராயாக் கூற்று. ஆணைக்கு அஞ்சுவோன் ஆணையின் எல்லையை அளந்து பார்ப்பான். ‘எம்மை’ என்பது தன்னைச் சிறப்பித்துச் சொல்லும் பன்மை. அதனால் விலக்கப்பட்டவர் மனைவியார் ஒருவரே. பிறர் விலக்கப்பட்டிலர் என்று பொருள்கொள்ள அச்சொல் இடங்கொடுக்கும். பரத்தையின் மனை முன்பிருந்த இடத்திலேயே இருந்தது. சட்டநூல் வல்லார் எவரும் அவ்வாறே பொருள்கொள்வர். நாயனார் அச்சொல்லுக்கு எவ்வளவு விரிந்த பொருள் கூடுமோ அவ்வளவும் கொண்டார். விலக்கின் புறத்தே இடுக்குத் தேடாமல் விலக்கினை விரித்துக்கொள்வோன் அச்சத்தால் அவ்வாறு செய்யான். அவர் உள்ளம் எங்கே சென்றதென்பதற்கு அப்பன்மைச் சொல்லை அவர் கொண்ட விதமே சான்று. மனைவியார் வாயினின்று வந்தது விலக்கு. அதனுள் வந்தது அவர் நாடோறும் ஓதிய திருப்பெயர். அவர் கேட்டது பெயரை.

வேறு சிலர், இது மிகை. தகுதியான இன்பத்தையும் ஒழித்தமையால் அரிஸ்டாட்டில் கூறும் உணர்வின்மை என்னும் மறுதலைக் குற்றத்தின்பாற் படும் என்பர். இவ்வினா முன்னையதினும் வலியது. இன்பத்தில் மிகையேயன்றிக் குறையும் குற்றமே என்றும், அக்குறையுடையார் அரியராதலின் அதற்குப் பெயருமில்லை என்றும் அவர் கூறினார் என்பது உண்மை. ஆயினும் அவர் கூறிய நடுநிலை எல்லார்க்கும் ஒரே அளவினதன்று என்பதையும் மறத்தலாகாது. மல்லனாகிய மைலோவுக்குப் போதாத உணவு, மற்பயிற்சி தொடங்குவோனுக்கு மிகுதியாகும் என அவரே விளக்கினார். அன்றியும், இப்புராணத்தில் உணர்வின்மை உண்டோ என நூலினுள்ளேயே காணவேண்டும். அதற்குச் சேக்கிழார் வைத்த விடை இறுதியில் உளது.

நடுவிற் காணவேண்டுவது ஒன்று. நாயனார் பொருதார் எனச் சேக்கிழார் யாண்டும் கூறவில்லை. ஆசையோடு போராடிய இரவுகள், தவத்தால் உடல் ஒறுத்தல், காடு புகுதல் ஆகிய ஒன்றும் இல்லை. அதே மனை, அதே சக்கரம், அதே மண், அடியார்க்கு அதே ஓடு. அடக்குவோனாயின் அறிவுடைமை அவனை அம்மனையை விட்டு நீங்கச் செய்திருக்கும். பகை இருக்குமிடத்தில் உறங்குதல் தகாதன்றோ? மூப்பு வந்து உடல் தளர்ந்தும் இறைவன்பால் அன்பு தளராமையையே சேக்கிழார் எடுத்துக் கூறினார். ஆசை எங்கே போயிற்று என்பதைக் கூறாது, அன்பு எங்கே நின்றது என்பதைக் கூறிய அளவில் அமைந்தார். வினாவின் விடை அங்கே உள்ளது.

பிளேட்டோ ஓரிடத்தில் இவ்விடையை அணுகினார். ஆசைகள் ஒரு பக்கம் மிகுந்து பாயுமாயின், வேறு வாய்க்காலுக்குத் திருப்பப்பட்ட நீர்போல, ஏனைப் பக்கங்களில் அவை மெலியும் என்று ‘குடியரசின்’ ஆறாம் பகுதியிற் கூறினார். அவர்க்குப் பின் ஏறக்குறைய 750 ஆண்டு கழித்து வாழ்ந்த அகுஸ்தீன் (கி.பி. 354–430) தலையாய அறங்கள் நான்கனையும் அன்பின் நான்கு வடிவங்களாகவே கண்டு, அடக்கமாவது இறைவன்பொருட்டுத் தன்னைச் சிதையாது காத்துக்கொள்ளும் அன்பென வரையறுத்தார். இவ்விருவரும் அரிஸ்டாட்டில் நிறுத்திய இடத்தினின்று ஓரடி முன்னே சென்றனர். அணைகட்டிய ஆற்றில் நீர் குறைவதில்லை. கரையை மோதிக்கொண்டே நிற்கும். வேறு வாய்க்காலிற் செலுத்திய ஆற்றுக்கு அணை வேண்டா.

சைவ சித்தாந்தம் இதனை உயிரின் இலக்கணத்திலேயே வைத்தது. உயிர் சார்ந்ததன் வண்ணமாவது. தனித்து நிற்கும் இயல்பு அதற்கில்லை. ஐம்பொறிகளைச் சார்ந்த காலத்து அவையாகவே நின்ற உயிர், திருவருளைச் சார்ந்த காலத்து அதன் வண்ணமாகும். ஆதலின் ஒன்றைச் சாராமல் வெறிதே ஆசையை ஒழிக்க முயல்வோன், உயிர்க்கில்லாத இயல்பை உயிரினிடத்து வேண்டுகின்றான். மெய்கண்ட தேவர் சிவஞானபோதத்தின் பத்தாம் சூத்திரத்தில் மலம் நீங்குதற்கு இறைபணியில் நிற்றலை வழியாகக் கூறியதும் இவ்வியல்பு பற்றியே. நாயனார் கைவிட்டது ஒன்று. கைவிடாது பற்றியிருந்தது ஓடு செய்யும் பணி. இரண்டாவது இல்லையேல் முதலாவது சில திங்களும் நின்றிராது.

இஃது ஞானியர்க்கே உரிய அரிய செய்தி என எண்ணற்க. மகவு நோயுற்றுக் கிடக்கும் இரவில் தாய் உண்ண மறக்கின்றாள். அவள் பசியை அடக்கினாள் என்று எவருங் கூறார்; அவளுக்குப் பசி தோன்றவே இல்லை. அதே தாய் நோன்பு நாளில் ஒருவேளை உணவை விட்டபோது மாலைக்குள் பலமுறை அடுக்களையை நோக்கியிருப்பாள். நீரிழிவுற்ற ஒருவர் மருத்துவர் சொற்கு அஞ்சி இனிப்பை ஒழிக்கின்றார். மணவீட்டுப் பந்தியில் அடுத்த இலையில் விழும் இனிப்பின்மேல் அவர் கண் நிற்கின்றது. அவரே பெயரனோடு விளையாடிக்கொண்டிருக்கும் மாலையில் வீட்டிலுள்ள இனிப்பை நினைப்பதில்லை. இவை சிறியன. ஆயினும் அடங்குதலும் அடக்குதலும் ஒருவரிடத்தே ஒரே நாளிற் காணப்படுவன என்பதற்கும், அவ்விரண்டனையும் வேறுபடுத்துவது பழக்கத்தின் நீளம் மட்டுமன்று, உள்ளம் சார்ந்த பொருளே என்பதற்கும் இவை போதும். ஆனால் பந்தியிற் கண் சென்றும் கை செல்லாத அம்முதியவரை இழிவாகக் கருதுவாரேல் அது பெரும்பிழை. அடக்குவோனே அடங்கினோனாதற்கு உரியவன். அரிஸ்டாட்டில் அவனுக்கு இரண்டாமிடம் தந்தது சரியே. அவ்விடத்திலேயே அவனை விட்டுவிட்டதே குறை.

இனிப் புராணத்தின் இறுதி. எம்பெருமான் சிவயோகியாராய் எழுந்தருளி ஓர் ஓட்டை நாயனார்பால் வைத்துப் போந்து, அதனை மறைப்பித்து, பின் வந்து கேட்டார். காணாது வருந்திய நாயனார் வேறு நல்லோடு தருவேன் என்றும் இசைந்திலர். மகன் கையைப் பற்றி நீரில் மூழ்கி உறுதி கூறுக என்றார். மகனில்லை என, மனைவி கையைப் பற்றி மூழ்குக என்றார். வழக்குத் தில்லைவாழந்தணர் அவைக்குச் சென்று, மூழ்குக எனத் தீர்ப்பாயிற்று. திருப்புலீச்சரத்தின் முன்னுள்ள குளத்தில் இருவரும் மூங்கிற்றண்டு ஒன்றன் இரு தலையையும் பற்றி நின்றனர். கையைப் பற்றியே மூழ்கவேண்டும் என்று யோகியார் நெருக்க, நாயனார் அத்தனை ஆண்டும் அயலறியாது காத்த செய்தியை அவையறியக் கூறினார்.

கார்மிடீஸின் இரண்டாம் விடை இங்கே நினைவிற்கு வரும். அடக்கம் நாணுடைமையே ஆயின், முதியராகிய நாயனார் ஊரார் நடுவில் தம் இளமைக்காலத்துப் பரத்தைமையைச் சொல்லியிரார். நாணைக் காத்தற்கு எளிய வழி கையைப் பற்றுதல். ஒரு கணம் பற்றினால் ஒருவரும் ஒன்றும் அறியார். மூத்த உடம்பிற் கைபற்றுதலில் இன்பம் யாதுளது? சட்டநூலார் மீண்டும் அவர்க்கு வழிவிடுவர். நாயனார் நாணைக் கொடுத்து ஆணையைக் காத்தார். கார்மிடீஸுக்குச் சாக்ரட்டீஸ் சொல்லாற் கூறிய மறுப்பைத் தில்லைக்குளத்தின் கரையில் ஒரு குயவனார் செயலாற் காட்டினார்.

மூழ்கி எழுந்தபோது இருவரும் மூப்பு நீங்கி இளமை பெற்றனர். இதனை அற்புதம் என்று வணங்கி அப்பாற் செல்வார் பலர். இங்கேதான் சேக்கிழார் உணர்வின்மை என்னும் வினாவுக்கு விடை வைத்தார். ஆசையைக் கொன்று அடங்கியதே பேறாயின், மூப்பன்றோ அதற்கு ஏற்ற பரிசு? இளமையை மீட்டளித்தல் பகைவனை உயிர்ப்பித்து மனைக்குள் விடுதலை ஒக்கும். அடங்கினார்க்கு இளமை பகையன்று. எந்த இளமை மிக்கெழுந்து அவரை எளியராக்கிற்றோ அதனையே இறைவன் நீங்காத பேறாகத் தந்தான். புலன்கள் அழிக்கப்படவில்லை, இடம் மாறின. திருவள்ளுவனார் ஐம்புலனடக்கத்திற்கு ஆமையை உவமித்தமையும் இதனோடு ஒக்கும்: ஆமை உறுப்புக்களை உள்வாங்குமேயன்றி அறுத்தெறியாது.

நாயனாரின் வரலாறு இல்லறத்தார் யாவர்க்கும் விதியெனச் சேக்கிழார் கூறவில்லை. பிற நாயன்மார் பலர் மனைவி மக்களோடு கூடிய இன்பவாழ்வினரே. ஆணையும் ஆணையிட்ட காரணமும் இவ்வொரு மனைக்கு உரியன. அவற்றைப் பொதுவிதியாக்கி, ஒரு சினச்சொல்லுக்குப் பிணங்கிப் பிரிந்து வாழ்தலைத் தவமெனக் கூறிக்கொள்வார் இப்புராணத்தைத் துணைக்கு அழைத்தல் தகாது. இங்கே பிணக்கு ஒரு நாளிலேயே ஒழிந்தது. எஞ்சியது ஆணை மட்டுமே.

மனைவியாரைப் பற்றி ஒரு சொல். சேக்கிழார் அவர் பெயரைக் கூறவில்லை. நாயனார் அடங்கிய ஆண்டுகள் அத்தனையும் அவரும் அடங்கியிருந்தார். பிழை செய்யாதவர் அவர். சினத்தில் ஒரு சொல் சொன்னவர் மட்டுமே. அச்சொல்லின் பயனைக் கணவர்க்கு நிகராகத் தாமும் சுமந்தார். அரிஸ்டாட்டில் தம் அரசியல் நூலின் முதற்பகுதியில், ஆடவர் அடக்கமும் மகளிர் அடக்கமும் ஒன்றென்ற சாக்ரட்டீஸின் கொள்கையை மறுத்து, இரண்டும் வேறெனவும், மகளிர்க்குரியது ஆளப்படுவார்க்கு உரிய அடக்கமே எனவும் கூறினார். தில்லைக்குளத்தில் மூங்கிற்றண்டின் இரு தலையும் ஒரே உயரத்தில் இருந்தன. விடைமேல் உமையம்மையோடு தோன்றிய பெருமான் ஐம்புலன்களை வென்ற மேன்மையைக் கூறியருளியபோது, அதனை நாயனார் ஒருவர்க்கு உரியதாக ஒருமையிற் கூறவில்லை. இருவரையும் உளப்படுத்திப் பன்மையாற் கூறினார்.